தோல் சீவிய பழம்

1

இடுப்பு வலிக்கு மாத்திரை வாங்க மருத்துவமனை வரிசையில் நின்றபோது காதில் விழுந்த கதை இது. முன்னால் நின்றவள் ஆய்வுக்கூட உதவியாளர். தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூட்டை தூக்கிப் பிழைத்த வீட்டில் வளர்ந்தவன் நான். ஒட்டுக்கேட்கக் கூச்சப்பட மாட்டேன்.

2

அதை முதலில் இப்படி எழுதத் தொடங்கினேன்: 'ஒவ்வாமை என்பது உடலின் ஆதி அச்ச' —

வேண்டாம். மூச்சு முட்டுகிறவளிடம் தத்துவம் எதற்கு?

பழக்கிடங்கில் பீச் பழம் தரம் பிரிப்பவள் ஒருத்தி. பழம் பட்டால் கை தடிக்கும். தின்றால் தொண்டை அடைக்கும். "நல்லா நடிக்கிறே" என்றார் மேற்பார்வையாளர். வேறு வேலைக்கு மாற்றச் சான்று கேட்டார். அதற்காக அந்த உதவியாளரின் ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் கொடுக்க வந்தாள்.

"ஊசி வலிக்குமாக்கா?"

"உங்க மேற்பார்வையாளர் வாயைவிடக் கம்மிதான்."

3

பழத்தை அரைத்து, அதிலுள்ள புரதங்களை ஜெல் என்னும் கூழ்த்தகட்டில் ஓடவிட்டுப் பிரிப்பார்கள். பிறகு அவற்றை அவள் ரத்தத்திலிருந்து பிரித்த ரத்தநீரில் ஊறவைப்பார்கள். அவள் உடம்பு எதைப் பகையாக நினைக்கிறதோ, அங்கே கோடு விழும். (அறிவியல் தெரிந்தவர்கள் என் சுருக்கத்தைப் பொறுத்துக்கொள்க.)

கோடு விழவில்லை. 'ஒவ்வாமை இல்லை' என்று கையெழுத்துப் போட்டார் ஆய்வுத் தலைவர். நடித்தாள் என்று அவளுக்கு வேலை போயிற்று.

அந்தக் கூடத்தில் பழத்தைத் தோல் சீவித்தான் அரைப்பார்கள். தோலின் சாயம் ஜெல்லைக் கெடுக்கும் என்று பழகிவிட்ட பழக்கம். ஒருநாள் கத்தி மழுங்கியிருந்தது. எரிச்சலில் உதவியாளர் தோலோடு போட்டு அரைத்தாள். மிச்சமிருந்த அந்தப் பெண்ணின் ரத்தநீரில் சோதித்தாள். மை தடவினாற்போல் கோடு.

"சார், அந்தப் புரதம் தோல்லதான் சார் இருக்கு. நாமதான் அதக் குப்பையில போட்டிருக்கோம்."

தலைவர் குப்பைக்கூடையில் கைவிட்டு ஒரு தோலை எடுத்துப் பார்த்தார். "அந்தப் பொண்ணு எங்கம்மா இருக்கு?"

(இவரைக் கெட்டவராக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் மனிதர் அன்றே சட்டையில் பழக்கறையோடு கிடங்குக்கு ஓடினார். அப்படி எழுதக் கை வரவில்லை.)

"அவளா? வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா. போனும் எடுக்கிறதில்ல" என்றார் மேற்பார்வையாளர்.

4

முடிவு ஒன்று: தேடிப் பிடித்தார்கள், வேலை திரும்பக் கிடைத்தது. எழுதினேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு இரண்டு: 'ஒவ்வாமை இல்லை' என்ற தாளை நம்பி ஒரு பழத்தை முழுசாகக் கடித்தாள், அப்புறம் அவள் —

மாட்டேன். உங்களை அழவைக்க ஒரு கூலிக்காரியைக் கொல்ல மாட்டேன்.

மூன்றாவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு உதவியாளர் போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த ஆய்வுக்கூடம் அந்தக் கிடங்குப் பெண்ணுக்கு ஒரு சொல் பாக்கி வைத்திருக்கிறது: "நீ நடிக்கலம்மா." இன்னும் கொடுக்கவில்லை.