திரிசூலத்துக்கு இரண்டாவது ஸ்டேஷன்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் செல்வலட்சுமிக்கும் சுகப்பிரியாவுக்கும் ஒரே லைனில் வேலை. புது மெஷின் பழக இரண்டு பேரையும் ஒரு மாதம் புனேவுக்கு அனுப்புவதாக முடிவாயிற்று. விமான டிக்கெட் கம்பெனி போட்டுக் கொடுத்தது. ஏழு மணி விமானத்துக்கு விடியற்காலை ஐந்துக்கே போய் நிற்க வேண்டும். போய்ச் சேருவது அவரவர் பாடு.

ஹாஸ்டல் கேட்டை ஐந்து மணிக்கு முன்னால் திறக்க மாட்டார்கள். விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டல்களின் வாடகையைப் போனில் பார்த்த சுகப்பிரியா, முந்தின நாளே போய் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம் என்றாள்.

"ராத்திரி பூரா முழிச்சிருந்துட்டுப் போயி என்னத்தட்டி பழகுவ? ஞாயித்துக்கிழமை நான் போயி இடம் பாத்துட்டு வாரேன்" என்றாள் செல்வலட்சுமி. சொன்னால் செய்வாள் என்பது சுகப்பிரியாவுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை படப்பை வழியாகப் போகும் பஸ் பிடித்துத் தாம்பரம் சேர்ந்தாள். அங்கிருந்து மின்சார ரயில். திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே விமான நிலையம். இருட்டோடு முதல் ரயில் ஓடத் தொடங்கிவிடும் என்று விசாரித்து வைத்திருந்தாள். ஆகவே, ரயிலடிக்கு நடக்கும் தூரத்தில் எங்கே படுத்தாலும் போதும்.

பல்லாவரத்தில் முதல் லாட்ஜில், பெண்கள் மட்டும் என்றால் ரூம் கிடையாது என்றார்கள். இரண்டாவது லாட்ஜ்காரர் கூட வரும் ஆண் யாரென்று கேட்டு, அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் வெளியே வந்து ஸ்டேஷனுக்கே திரும்பினாள். கோபம் இருந்தது. கலக்கம் இல்லை.

பிளாட்பாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் கையில் ஆஸ்பத்திரி ஃபைலும் தூக்குவாளியும் இருந்தன. ஊர் வேலூர்ப் பக்கமாம். மகள் குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். "நீங்க எங்கம்மா தங்குதிய?" என்று கேட்டாள் செல்வலட்சுமி. நோயாளிகளோடு வரும் பெண்களுக்கு நாள் வாடகைக்கு ரூம் விடும் வீடு ஒன்றை அந்த அம்மாள் சொன்னார். அவரோடே ரயிலேறிக் குரோம்பேட்டையில் இறங்கினாள்.

வீட்டுக்காரி சந்திரலேகா, ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். யாருமில்லை, விமானத்துக்குப் போகிறோம் என்று உள்ளதைச் சொல்லி, டிக்கெட்டையும் கம்பெனி அட்டையையும் காட்டினாள் செல்வலட்சுமி.

சந்திரலேகா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாம்மா நீ, யாராச்சும் படுத்துகினு கீறாங்கன்னு சொல்லிருந்தா நான் பாட்டுக்குக் குடுத்திருப்பேன்."

"பொய் சொல்லிட்டு உங்க வீட்டுல எப்படிக்கா தூங்க?"

சந்திரலேகா சிரித்துவிட்டு, மாடியில் இரண்டு கட்டில் போட்ட ரூமைத் திறந்து காட்டினாள். வாடகை ஓட்டல் விலையில் கால்வாசிகூட இல்லை. செல்வலட்சுமி அதோடு விடவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்து பார்த்தாள், எட்டு நிமிடம். ரயிலேறித் திரிசூலத்தில் இறங்கி, சுரங்கப்பாதை வழியே விமான நிலையத்து வாசல்வரை போய் நின்றுவிட்டுத்தான் ஹாஸ்டல் திரும்பினாள்.

புறப்படும் நாளுக்கு முந்தின மாலை இரண்டு பேரும் அந்த ரூமுக்குப் போனார்கள். சுகப்பிரியா படுத்ததும் தூங்கிப்போனாள். விடியுமுன் கதவைத் தட்டி எழுப்பி, ஆளுக்கொரு டம்ளர் டீயும் கொடுத்து அனுப்பினாள் சந்திரலேகா. ரயிலில் கூட்டமே இல்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விமான நிலையத்து வாசலில் நின்றார்கள். கூட வரவேண்டிய சூப்பர்வைசர் ஹேமந்த், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து டாக்சியில் கண் சிவக்க வந்து இறங்கினார். இவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், அடுத்த மாதம் இன்னும் ஆறு பெண்கள் புனேவுக்குப் போகிறார்கள், அந்த வீட்டுப் போன் நம்பரைக் கொடு என்றார்.

"அந்த அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தாரேன் சார்" என்றாள் செல்வலட்சுமி. பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.