தலைவர் கடந்த ஐந்நூறாவது பக்கம்

இதனால் விருத்தாசலம், நல்லூர், கம்மாபுரம் சுற்றுவட்டார வாசகப் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: மணிமுத்தாறு வாசிப்பு வட்டத்தின் நிறுவனத் தலைவர் திருமால் அவர்கள், ஆயிரத்து இருநூறு பக்கப் பெருநாவல் ஒன்றின் ஐந்நூறாவது பக்கத்தை நேற்று மாலை பூரண நலத்துடன் கடந்தார்.

வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தி வந்ததும் கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. பீங்கான் பட்டறை முதலாளி சாமிதுரை மட்டும் சூளைக்குப் பக்கத்தில் நின்றபடி வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பிரதியின் ஐந்நூறாவது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் சாமிதுரை. இன்னொருவர் கடைத்தெருவில் பைண்டிங் கடை வைத்திருக்கும் தங்கதுரை.

விவகாரம் பொங்கலுக்கு முன்பே தொடங்கியது. வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். இடம், சாமிதுரை பட்டறையின் பேக்கிங் கூடம். உட்கார அட்டைப்பெட்டி, குடிக்க டீ, இரண்டும் சாமிதுரை உபயம். ஒவ்வொருவரும் எழுந்து, இப்போது என்ன நூல் ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். அன்று சாமிதுரை எழுந்து, சூளையைப் பார்த்துக்கொண்டே காதில் இயர்ஃபோனை மாட்டி ஒரு நாவலை ஒலிநூலாகக் கேட்டுவருவதாகச் சொன்னார். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

திருமால் மின்வாரியத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அடுத்தவர் பேச்சை ஃபியூஸைப் பிடுங்குவதுபோல நிறுத்துவார்.

“கேக்கறீங்களா? கேக்கறத எப்படிங்க படிக்கிறதுன்னு சொல்றது? அப்படிப் பாத்தா பஸ் ஸ்டாண்டுல ‘சேலம், ஆத்தூரு, சேலம், ஆத்தூரு’ன்னு நான் தெனமும் ஒரு காப்பியமே படிச்சிட்டு வூட்டுக்குப் போறேன்.”

அட்டைப்பெட்டிகள் நசுங்கும்படி கூடம் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் சாமிதுரையின் மனைவி பூங்கோதை. அவரும் சந்தா கட்டிய உறுப்பினர்தான்.

வீட்டுக்கு வந்ததும் சாமிதுரை கேட்டார்.

“அவ்ளோ இளிப்பு எதுக்கு?”

“நல்லா இருந்திச்சு, சிரிச்சேன்.”

“சிரிப்ப. நீ ஃபோன் பக்கத்துல உக்காந்து ரெண்டு வருஷமாவுது. ஆர்டருன்னு வெளியூர்லேருந்து ஒரு பய கூப்புட்டானா? ஒன் ராசி அப்படி.”

பட்டறையின் ஃபோனை எடுப்பது பூங்கோதையின் வேலை. சாமிதுரை பீங்கான் ஃபியூஸ் கேரியருக்கும் இன்சுலேட்டருக்கும் வழவழப்பான தாளில் ஒரு விலைப்பட்டியல் அச்சடித்து, மதுரை, கோயமுத்தூர் என்று கடை கடையாக அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு ஃபோன் ஊமையாகவே இருந்தது. பழி முதலில் சீனாக்காரன் மேல் விழுந்தது. சீனாக்காரன் பட்டறையில் இல்லாததால் பிறகு பூங்கோதையின் ராசிமேல் விழுந்தது. மிச்சப் பட்டியல்கள் பரண்மேல் மூட்டையாகக் கிடந்தன.

அந்த மூட்டையைப் பார்த்தபோதுதான் சாமிதுரைக்கு வழி தெரிந்தது. சிரிப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதே கூடத்தில், அதே அட்டைப்பெட்டிகளின் முன்னால். கெட்டி அட்டை போட்ட பெருநாவல் ஒன்றை வாங்கினார். (பெயர் வேண்டாம், எழுதியவர் என்ன பாவம் செய்தார்?) அதையும் மூட்டையையும் தங்கதுரையிடம் கொண்டுபோனார்.

“மொத நாப்பது பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும் அப்படியே இருக்கட்டும். நடுவுல பூரா உருவிட்டு இந்தப் பட்டியல வச்சுத் தச்சிடு.”

“எத்தினி பட்டியலுங்கண்ணே?”

“அட்டை கொள்ற வரைக்கும்.”

தங்கதுரை தலையைச் சொறிந்தார். “படிக்கிறவரு கண்டுபுடிச்சிட மாட்டாருங்களா?”

“படிக்கிறவரா இருந்தா கண்டுபுடிக்கட்டுமே. கால்ல வுழுந்துட்டுப் போறேன்.”

தலைவரின் பிறந்தநாளன்று பொன்னாடை போர்த்தி, இரண்டு கையாலும் நாவலைக் கொடுத்தார். திருமால் அதை எடைபார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்து, “கனமான இலக்கியம்” என்றார். பீங்கான் தொழிலுக்கு அது உண்மையான பாராட்டு.

ஐந்நூறாவது பக்க அறிவிப்புக்குப் பிறகு வந்த கூட்டத்தில் தலைவர் உரையாற்றினார்.

“நடுப்பகுதிதாங்க இந்த நாவலோட உசுரு. மனுசன் எவ்ளோ சொமைய தாங்குவான்? ஒரு எல்லைக்கு மேல போச்சுன்னா உள்ள ஒரு கம்பி அறுந்துதான ஆவணும்? அத ஆசிரியரு சொல்லாம சொல்றாரு பாருங்க.”

ஃபியூஸுக்கு இதைவிட நல்ல விளக்கத்தைச் சாமிதுரை கேட்டதில்லை. இருமல் வந்ததுபோல வெளியே போய் மண்குவியலுக்குப் பின்னால் நின்று சிரித்துவிட்டு வந்தார். அன்றே போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் தலைவர் நாவலை முடித்துவிட்டதாக அறிவித்து, அதைச் சுற்றுக்கு விட்டார். முதலில் வாங்கிப்போனவர் தனியார் பள்ளி ஆசிரியை ஜெசி.

அடுத்த மாதம் ஜெசி, “பெண் பாத்திரங்கள இன்னும் கொஞ்சம் வலுவா படைச்சிருக்கலாங்க சார்” என்று குறைபட்டுக்கொண்டார். தலைவர் யோசித்து, “ஒத்துக்கறேன்” என்றார்.

சாமிதுரை பொறுத்திருந்தார். ஒரு மீனுக்குப் போட்ட தூண்டிலில் குளமே சிக்கும்போது யாராவது கயிற்றை இழுப்பார்களா? நாவல் கைமாறிக் கைமாறி வட்டம் முழுக்கச் சுற்றியது. எல்லோரும் நெகிழ்ந்தார்கள். ஆடி மாதக் கூட்டத்தில் கடைசியாகப் பூங்கோதை எழுந்தார்.

“நானும் அந்த நாவலத்தாங்க இப்ப முடிச்சேன். நடுவுல ஒரு எடத்துல அழுதுட்டேன்.”

சாமிதுரைக்கு உடம்பெல்லாம் இனித்தது. அன்றைக்குச் சிரித்தவளும் இன்றைக்குச் சிக்கினாள். எழுந்துபோய் மனைவி கையிலிருந்த நாவலை வாங்கி, நடுவில் விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

“பீங்கான் ஃபியூஸ் கேரியர். அறுபத்து மூன்று ஆம்பியர். வெள்ளை மெருகு. மொத்தமாக வாங்குவோருக்குத் தள்ளுபடி உண்டு.”

பக்கத்தைத் திருப்பித் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். திருமாலின் முகம் சூளைக்குப் போகாத களிமண்ணாகிவிட்டது. ஜெசி கூரையைப் பார்த்தார்.

“தலைவரே, இந்த எடத்துலதான் கம்பி அறுவுதுங்களா? ஜெசி டீச்சர், இதுல எந்த ஃபியூஸ பொம்பளன்னு சொன்னீங்க?”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய அத்தனை பேரும் அந்த நாவலைப் படித்து நெகிழ்ந்தவர்கள். சாமிதுரைக்கு அது போதவில்லை. ஒரு சிரிப்பாவது வேண்டும். மனைவி பக்கம் திரும்பினார்.

“நீ எந்த ஆம்பியருக்கும்மா அழுத?”

“ஆம்பியருக்கு இல்லைங்க. பட்டியலோட கடைசிப் பக்கத்துக்கு. திருப்புங்களேன்.”

திருப்பினார்.

“கீழ ஃபோன் நம்பர் போட்டிருக்குதுல்ல? அதையும் சத்தமா வாசிங்க.”

வாசிக்கத் தொடங்கி, கடைசி எண்ணில் நின்றுவிட்டார்.

“என்னங்க நிறுத்திட்டீங்க? நம்ம நம்பரு ஏழுல முடியும். அதுல ஏழுக்குப் பதிலா ஒண்ணுன்னு போட்டிருக்குது. கூப்புட்டுப் பாத்தேன். கம்மாபுரத்துல ஒரு கோழிக்கடை. ‘யம்மா, ரெண்டு வருஷமா மதுர, கோயமுத்தூருன்னு எவனெவனோ ஃபியூஸு கேட்டு உசுர வாங்குறாங்க, நாங்க கோழிதாம்மா விக்கிறோம்’னு அந்த மனுசன் கெஞ்சுறாரு. அங்கதாங்க அழுதேன். ஒரு மூட்ட ஆர்டரும் கோழிக்கடைக்குப் போயிருக்குது, பழி என் ராசிக்கு வந்திருக்குது.”

முதலில் சிரித்தவர் திருமால். அப்புறம் ஜெசி. அப்புறம் அட்டைப்பெட்டிகள் நசுங்கின.

“ஏங்க சாமிதுரை,” என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்தக் கோழிக்கடைக்காரர நம்ம வட்டத்துல சேத்துக்கலாங்களா? ரெண்டு வருஷமா கேட்டிருக்காரே, பாவம்.”

அந்த விலைப்பட்டியல் அச்சுக்குப் போவதற்கு முன்னால், ‘முழுவதும் படித்துப் பார்த்தேன், சரி’ என்று கையெழுத்துப் போட்டவர் சாமிதுரை.