இடது பக்கம் வைத்த டீ

பாம்ம்ம் என்று அலறியது ஹாரன், துள்ளி நிமிர்ந்தவரின் பிடரியில் பானெட் ஓங்கி ஒரு போடு போட்டது, கையிலிருந்த ஸ்பேனர் நழுவி இன்ஜின் சந்துக்குள் எங்கோ போய்ச் செருகிக்கொண்டது... "உள்ள ஒரு மனுஷன் தலை இருக்குன்னு தெரியலையா?" என்று கத்தினார் மெக்கானிக். டிரைவர் சீட்டிலிருந்த தங்கை கண்ணாடியை இறக்கினாள். "நாலு தடவை கூப்பிட்டேண்ணா. இன்னும் மிதிக்கணுமா, போதுமான்னு. நீ எங்க திரும்பினே?" நாலு தடவையாம், இவள் சின்ன வயதிலிருந்தே வார்த்தையைப் பாதி மென்று விழுங்குகிறவள், இப்போது எல்லாருமே அப்படித்தான் ஆகிவிட்டார்கள், போனில் பேசுகிறவன் முனகுகிறான், டிவியில் செய்தி வாசிக்கிறவள்கூட முனகுகிறாள், வாயைத் திறந்து பேசினால் முத்தா உதிர்ந்துவிடும்? சரி, அதை விடு, இந்தச் சனியனைப் பார்... பதினேழு வயசுக் குட்டிக் கார், ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது, நிறுத்தி இன்ஜினை மட்டும் ஐடிலில் ஓட விட்டால் ஜன்னி கண்ட மாதிரி உதறுகிறது, இன்ஜின் சுற்றைக் காட்டுகிற மீட்டர் முள் அறுநூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவே ஊஞ்சல் ஆடுகிறது, சிக்னலில் நின்றால் பொசுக்கென்று அணைந்துவிடுகிறதாம். இது மூன்றாவது தடவை. முதல் தடவை பிளக் நாலையும் மாற்றினார், இரண்டாவது தடவை காற்றை உள்ளே விடுகிற திராட்டிலைக் கழற்றிக் கரி போகக் கழுவினார், பெட்ரோல் ஃபில்டரும் புதுசு, இன்று காலை பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாயிற்று, எதைப் பிடுங்கினாலும் இன்ஜின் ஒரே அளவுதான் தள்ளாடுகிறது, அப்படியென்றால் நாலு சிலிண்டரும் வேலை செய்கிறது, அப்புறம் என்னதான்டா உனக்கு வியாதி?

காற்றுதான். எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்துத் திருட்டுக் காற்றை உறிஞ்சுகிறது, அது அவருக்குத் தெரியும், ஆனால் உறிஞ்சினால் உஸ்ஸென்று சீற வேண்டுமே, சத்தமே இல்லையே? நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தார். தொம் தொம் தொம், அவ்வளவுதான், பக்கத்து வீட்டில் மாவு இடிக்கிற மாதிரி. இடத்தை மாற்றினார், அதே தொம் தொம். ஸ்பிரே அடித்துப் பார்க்கலாம், கசிகிற இடத்தில் பட்டால் இன்ஜின் ஓட்டம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்... சீ, அது காதில்லாதவன் செய்கிற வேலை. ஸ்டெதாஸ்கோப் என்று பேர் வாங்கிய ஆள் ஸ்பிரே டப்பாவைத் தூக்கினால் தெரு சிரிக்காதா? "அண்ணா, பன்னெண்டு மணிக்கு டூட்டி. முடியலைன்னா சொல்லிடு, கோவிச்சுக்காதே, எதிர்க்கடையில கம்ப்யூட்டர் மாட்டிப் பாக்கறாங்களாம்." இது மட்டும் தெளிவாக விழுந்தது. கூடப் பிறந்தவளே எதிர்க்கடைக்குள் வண்டியைத் திருப்புவாள், அந்தக் கடைக்காரன் வாசலிலேயே நின்று பல்லைக் காட்டுவான், நாளையிலிருந்து இந்தப் பேர் எதற்கு ஆகும்?

போன மாதம்வரை இந்தக் காது நன்றாகத்தானே இருந்தது? டாக்ஸிக்காரன் வண்டியில் தண்ணீர் பம்ப் பேரிங் போனதை அஞ்சே நிமிஷத்தில் பிடித்தாரே, "காதுன்னா இது காதுண்ணே" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினானே... அன்றைக்குக்கூட மனைவி டீயோடு வந்து நின்று, "முன்னாடி ஏதோ பூனைக்குட்டி கத்தற மாதிரி இல்ல?" என்று தொணதொணத்தாள். அதற்கு முன் அந்த வேன்காரன்... "அடியில குக்கர் மூச்சு விடற மாதிரி இருக்கே" என்றாள், பார்த்தால் சைலன்சர் கேஸ்கட் போயிருந்தது. பள்ளிக்கூட வண்டிக்கும் ஏதோ சொன்னாளே. எல்லாம் தற்செயல்... எத்தனை தற்செயல்? நேற்று இரண்டு பேர் முன்னால் அவளை விரட்டினார், "டீயைக் குடுத்தமா போனமான்னு இரு, காரைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று. ராத்திரி அவள் தட்டை ணங்கென்று வைத்த சத்தம்... சத்தமா? தட்டு அதிர்ந்தது, சத்தம் கேட்டதாக ஞாபகமில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடி அவருடைய இடது காதில் இருந்தது. அவர் வலது கைக்காரர். எப்போதிலிருந்து இடது காது?

வலது காதுக்கு மாற்றினார். தொம்மும் இல்லை. பஞ்சு வைத்து அடைத்த மாதிரி ஒரு வெறுமை, கையில் மட்டும் அதிர்வு. பிடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம் என்பதுபோல.

டீ டம்ளர் அவருடைய இடது பக்கம், பேட்டரி மேல் வந்து உட்கார்ந்தது. மனைவி வந்ததே தெரியவில்லை. ஒரு வருஷமாகவே அவள் இடது பக்கமாகத்தான் வருகிறாள், வாசல் என்னவோ வலது பக்கம் இருக்கிறது, வண்டியைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்... அவள் பேசாமல் திரும்பினாள். நேற்று சொன்னதை அப்படியே கேட்கிறாளாம், வீம்பு. போகட்டும். கார் உதறியது, டம்ளரில் டீ தளும்பியது, தங்கை மணியைப் பார்த்தாள்.

"ஏய்... இரு," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "இதுல உனக்கு... ஏதாவது கேக்குதா?"

அவள் நின்றாள். இன்ஜினை ஒரு தடவை பார்த்தாள், காருக்குள்ளிருந்த நாத்தனாரை ஒரு தடவை பார்த்தாள், பிறகு அவர் இடது காதுக்குப் பக்கத்தில் வந்து நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"முதல்ல உங்க தங்கச்சிய டீ குடிக்க உள்ள அனுப்புங்க. அப்புறம் சொல்றேன்."