கீழ்நொச்சிப்பட்டு காலனி ஸ்டாப்

ஐந்தாம் வகுப்பு மலர்விழி வரைந்த ஊர்ப்படத்துக்கு வேணி டீச்சர் ரைட்டு போட்ட மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்கு, வானூரிலிருந்து திண்டிவனம் போகும் டவுன் பஸ் கீழ்நொச்சிப்பட்டு காலனி எதிரில் தானாக நின்றது. டிரைவர் சீனுவாசன் பிரேக்கைத் தொடவேயில்லை. முப்பது வருஷமாக அந்த ரோட்டில் ஓடும் பஸ் காலனியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள்தான் நிற்கும். செல்ஃப் அடித்தார், பேட்டரியைத் தட்டினார், ஆட்களை இறங்கித் தள்ளச் சொன்னார். ஊஹூம். வேர்க்கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை பிடுங்கப் போய்க்கொண்டிருந்த மலர்விழியின் அம்மா அம்மணி, சரி ஏறித்தான் பார்ப்போமே என்று படியில் கால் வைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. அப்புறம் தினமும் அப்படித்தான். யாருக்கும் எங்கும் போகிற வேலை இல்லாத நாளில், பாவம் பஸ் காத்துக் கிடக்குமே என்று காலனியில் முறை வைத்து ஆளுக்கொரு நாள் ஏறி, ஊரில் இறங்கி நடந்து வந்தார்கள்.

ஊர்ப்படம் எல்லா ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் படிக்கிற பாடம்தான். கோயிலுக்கு முக்கோணம், ஏரிக்கு நீலம், பஸ் ஸ்டாப்புக்குச் சிவப்புப் புள்ளி. மற்றப் பிள்ளைகளின் சார்ட் ஊர் முடிகிற இடத்தில் முடிந்துவிட்டது. மலர்விழி தன் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். வாசலுக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளியும் வைத்தாள். பிற்பாடு கேட்டதற்கு, "பஸ்ஸு போற ரோடுதானே டீச்சர், நிக்காம எப்டி போவும்?" என்றாள். டீச்சருக்கு அன்றைக்கு செல்போனில் வருகைப் பதிவு ஏறாத பேஜாரு. பார்க்காமலே ரைட்டு போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்.

அம்மணிக்குத்தான் அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. மூத்தவள் கலைப்பிரியா ஆறாம் வகுப்புக்குத் திண்டிவனம் போக மூன்று மாதம் ஊர் ஸ்டாப்புக்கு ஓடினாள். பாதி நாள் பஸ்ஸின் முதுகைத்தான் பார்த்தாள். ஒருநாள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டியவள் மாட்டியவள்தான். வருகிற ஜூனில் மலர்விழிக்கு ஆறாம் வகுப்பு. இன்றைக்கு நின்ற பஸ் நாளைக்கும் நிற்குமா? கோழி கூவுமுன்னே அம்மணி எழுந்து, தலைகூட வாராமல் ரோட்டோரம் போய் நிற்பாள். மல்லாட்டைக் கொல்லியில் கை செடியில் இருக்கும், காது ரோட்டில் இருக்கும். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம் சுட்டது.

காலனி முன்னால் வருவதால் சீட்டெல்லாம் அங்கேயே நிறைந்துபோக, ஊர்க்காரர்கள் நின்றபடி பயணம் போனார்கள். எரியாதா வயிறு? உரக்கடை அரங்கநாதன் டிப்போவில் மனு கொடுத்தார். லிஸ்டிலேயே இல்லாத ஸ்டாப்பை எப்படி ஐயா எடுப்பது என்று திருப்பி அனுப்பினார்கள். அப்புறம்தான் யாரோ பள்ளிச் சுவரில் இருந்த படத்தைக் காட்டிக் கொடுத்தார்கள். "இல்லாத ஸ்டாப்புக்கு ரைட்டு போட்டு வச்சிக்கினு இருக்கீங்களே டீச்சர், நியாயமா இது?" என்று வகுப்புக்கே வந்து கேட்டுக்கொண்டே அரங்கநாதன் ஒயிட்னரை எடுத்துப் புள்ளியையும் ரைட்டையும் பூசி அழித்தார்.

மறுநாள் பஸ் நிற்காமல் போனது. தூசி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்த மலர்விழி, "ஆறாவது நான் போவலம்மா" என்றாள். அக்கா சொன்ன அதே குரல். அம்மணி களைக்கொத்தும் கையுமாக நேரே பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தவள், நெற்றியிலிருந்த பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, ஒயிட்னர் மேல் அழுத்தி ஒட்டினாள். சத்துணவு ஆயா, "அடிப் பாவி, புருஷன் பெங்களூர்ல உசுரோட கீறான்டி!" என்று அலறினாள். "அவரு கீறாரு. எம்பொண்ணு படிப்புதான் போவுது" என்றாள் அம்மணி. "ரைட்டு போடுங்க டீச்சர். அது ஒண்ணும் தப்பா வரையல."

ஊரைப் பகைத்தால் என்னென்ன நடக்கும் என்று வேணி டீச்சருக்குத் தெரியாதா? ஆனாலும் சிவப்புப் பேனாவை எடுத்து, இந்த முறை நன்றாகப் பார்த்து, சார்ட்டின் பாதிக்கு வருகிற மாதிரி ஒரு ரைட்டு போட்டார்.

படத்தின் அளவு ஒரு சென்டிமீட்டருக்கு நூறு மீட்டர். பொட்டு சரியாக ஒரு சென்டிமீட்டர் இருந்தது. அதனால் காலனியின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து சர்ச் வரைக்கும் நூறு மீட்டரில் யார் எந்த இடத்தில் நின்றாலும் அங்கே பஸ் நிற்கிறது. சீனுவாசன் இப்போதெல்லாம் காலனி வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார். ஜூனில் மலர்விழி ஆறாம் வகுப்புக்குக் கிளம்பினாள். முதல் நாள் அவளுக்கு வாசலிலேயே ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள் அம்மணி. ஒரு பக்கம் கட்டி முடித்து, அவிழ்த்து, மறுபடி கட்டினாள். பஸ் எதிரில் நின்றுகொண்டிருந்தது. யாரும் ஓடவில்லை.