இரண்டாவது லைன்

மேசைக்கு அடியில் மண்டியிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி, அதே கேபிளை மூன்றாவது முறையாகப் பிடுங்கிச் சொருகினார் ரூட்டர்காரர். எலி நாற்றம் அடித்தது. ரூட்டர் என்று பெயர்தானே தவிர, அது லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர். முதுகில் கேபிள் சொருக மூன்று போர்ட். ஒன்று உள்ளே ஒன்பது இருக்கைகளுக்குப் போனது. மற்ற இரண்டும் வெளியே போகும் லைன்கள்.

அந்த ஒன்பது இருக்கைகளிலும் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தெருப்படங்களில் தெரியும் ஒவ்வொரு ஆளையும் சுற்றிக் கட்டம் போடுவது அவர்கள் வேலை. எங்கோ இருக்கும் கம்பெனி படங்களை அனுப்பும். ஒட்டி நிற்கும் இரண்டு பேரை ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டால் படம் திரும்பி வரும், மதிப்பெண் குறையும். இன்று காலை வந்து பார்த்தால் ஒன்பது பேரின் கணக்கும் பூட்டிக் கிடந்தது. ஒரே ஆள் ஒன்பது பெயரில் வேலை செய்வதாகக் காரணம் எழுதியிருந்தது. மறுப்பவர்கள் தனித்தனி இணைய முகவரியிலிருந்து மாலை ஐந்து மணிக்குள் விளக்கம் எழுத வேண்டுமாம்.

எங்கே தவறு என்று ரூட்டர்காரருக்கு வந்த பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. முதல் லைனில் ஒவ்வோர் இருக்கைக்கும் தனி முகவரி உண்டு. போன வாரம் சாலையைத் தோண்டியவர்கள் அந்த லைனை அறுத்துவிட்டார்கள். வேலை நிற்கக் கூடாது என்று எல்லாவற்றையும் இவர்தான் இரண்டாவது லைனுக்குத் திருப்பிவிட்டார். அதில் இருந்தது ஒரே ஒரு முகவரி. ஒன்பது பேரும் அதையே மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். அந்த லைனுக்கும் முகவரிகள் வாங்கச் சொல்லி இரண்டு வருடமாகத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறார். முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன் அடித்தது. முதலாளிதான்.

"நெட் வருதா இல்லையா?"

"வருது சார். ஆனா அது பிரச்சினை இல்ல..."

"வருதுல்ல? அப்புறம் என்னத்தப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்கீங்க?"

ஐந்தாவது இருக்கையில் இருந்தவர் ரூட்டர்காரரின் அண்ணி. அவரை இங்கே சேர்த்துவிட்டதே இவர்தான். அண்ணன் இடுப்பு ஒடிந்து படுத்த பிறகு வீடு இந்த இருக்கையை நம்பித்தான் ஓடுகிறது.

"தம்பி, மணி மூணு."

"தெரியுது அண்ணி."

"ஆறு வருஷத்துக் கணக்கு. ஒரு படம் திரும்பி வந்ததில்ல."

"மூணு இல்ல, மூணு அஞ்சு" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். எல்லாரையும் திருத்துவதால் அவருக்கு டீச்சர் என்று பெயர்.

முதல் லைன் நேற்றே சரியாகியிருந்தது. ரூட்டர்காரர் போக்குவரத்தை அதற்குத் திருப்பினார். உடனே எல்லாம் செத்துப்போனது. தலையில் அடித்துக்கொண்டு ஒவ்வொரு போர்ட்டாகக் கவனித்தார். முதல் லைன் வழியாகப் போன செய்திகள் இரண்டாவது லைனின் முகவரியைச் சுமந்துகொண்டு போயின. பதில் இரண்டாவது போர்ட்டில் வந்து இறங்கியது. ரூட்டர் அதை வேண்டாத விருந்தாளியைப் போல வாசலிலேயே தள்ளிவிட்டது. எந்தப் போர்ட் வழியாகப் போனாலும் இந்த முகவரியைக் கொடு என்று யாரோ விதி எழுதிவைத்திருந்தார்கள். எழுதிய தேதியைப் பார்த்தார். போன வாரம். அவசரத்தில் எழுதியது அவரேதான்.

மறுபடி போன்.

"இப்ப நெட்டே போச்சுன்றாங்க. காலையில வந்துக்கிட்டுதானே இருந்துச்சு?"

அவருக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிடும்போல இருந்தது. போனைத் துண்டித்தார்.

அந்த விதியை இரண்டாவது போர்ட்டுக்கு மட்டும் என்று திருத்தினார். அப்போதும் பழைய முகவரியே போனது. முன்பே தொடங்கிய இணைப்புகளை நினைவில் வைத்துக்கொண்டு ரூட்டர் பிடிவாதம் பிடித்தது. அந்த நினைவைத் துடைத்தார். மணி நாலு இருபது.

"எனக்கு நாப்பத்தொண்ணு வருது" என்றது முதல் இருக்கை, திரையில் தன் முகவரியின் கடைசி எண்ணைப் பார்த்து.

"எனக்கு நாப்பத்திரெண்டு."

"நாப்பத்தஞ்சு" என்றார் அண்ணி. காலையிலிருந்து முதல் முறையாக அவர் முகம் தெளிந்தது.

ஒன்பது பேரும் தங்களுக்குத் தெரிந்த மாதிரி விளக்கம் எழுதினார்கள். அண்ணி தன் புருஷனின் இடுப்பைப் பற்றிக்கூட எழுதினார். நாலு நாற்பதுக்கு எல்லாம் போய்விட்டன.

நாலு ஐம்பதுக்குப் பதில் வந்தது. ஒன்பது திரையிலும் ஒரே கடிதம். டீச்சர் சத்தமாகப் படித்தார்.

"அன்புள்ள உறுப்பினரே, உங்கள் விளக்கம் கிடைத்தது. உங்களுடைய ஒன்பது கணக்குகளில் ஒன்றை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம். எது என்று ஐந்து மணிக்குள் தேர்ந்தெடுக்கவும்."

கீழே ஒன்பது பெயர்களும், பக்கத்தில் அமுக்க ஒன்பது வட்டங்களும் இருந்தன.

"ஒருத்தர் அமுக்கினா மத்த எட்டும் போயிடும்" என்றார் டீச்சர். யாரும் அவரைத் திருத்தவில்லை.

அண்ணியின் கை மவுஸ் மேல் இருந்தது. ரூட்டர்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் திரையைப் பார்த்தார். ஒன்பது முகவரிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

போன் அடித்தது.

"சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சு சார்."

"இதைக் காலையிலயே செஞ்சிருக்கலாம்ல?"

அண்ணி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடிதத்துக்குப் பின்னால், நேற்று முடித்தும் அனுப்பாமல் விட்ட படம் அப்படியே திறந்திருந்தது. சாலையைக் கடக்கும் கூட்டம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்த பதினான்கு பேரும் தனித்தனிக் கட்டத்துக்குள் இருந்தார்கள்.