வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முகவரி

வருடத்துக்கு ஒருமுறை ஜூலையில் நானும் பிகுனும் கட்டிலில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வோம். திருமண விசாவை நீட்டிக்க அது வேண்டும். வீட்டு எண் தெரிகிற மாதிரி கேட் முன்னால் ஒன்று, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி. எட்டு வருடத்துப் படங்களையும் வரிசையாக வைத்தால் எங்களுக்கு நடுவில் இருக்கும் இடம் வளர்ந்துகொண்டே போவது தெரியும். கடைசிப் படத்தில் அந்த இடத்தில் ஒரு தலையணை கிடக்கிறது. யாரும் அதை எடுக்கவில்லை.

இந்த வருடம் பிகுன் மாட்டேன் என்றாள்.

"உன் பக்கத்துல உக்காந்து இன்னொரு போட்டோவா? அதுக்கு எதிர்வீட்டு எருமையோட உக்காருவேன். அதுவாச்சும் தினம் குளிக்குது."

"நீ வேணாம். இந்த வருஷம் ஓய்வுபெற்றவங்க விசாவுக்கு எழுதிப் போடப் போறேன். அதுக்குப் பொண்டாட்டி தேவையில்ல. கெழவனா இருந்தாப் போதும்."

"அப்ப உனக்கு அத்தாட்சியே கேக்க மாட்டாங்க," என்றாள்.

ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். எனக்கு அறுபத்தொன்று. எட்டு லட்சம் பாட் என் பெயரில் மட்டும் வங்கியில் இரண்டு மாதம் கிடந்திருக்க வேண்டும். கிடந்தது. அவளுக்குத் தெரியாமல் அந்தக் கணக்கைத் திறந்து, அவளை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஆரி. ரோட்டர்டாம் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் இரவு ஷிப்டில் கிரேன் ஓட்டினேன். ஒரு நாள் பாதி ஷிப்டில் கீழே இறங்கினேன், திரும்ப ஏறவில்லை. ஃப்ளாட்டை விற்றுவிட்டு இங்கே, தாய்லாந்துக்கு வந்தேன். உதோன் நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டரில், பிகுனின் ஊரில், அந்தப் பணத்தில் ஒரு வீடு கட்டினேன். வெளிநாட்டுக்காரன் இங்கே நிலம் வாங்க முடியாது. நிலம் அவள் பெயரில். பதிவு அலுவலகத்தில் பணமும் அவளுடையதுதான் என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அன்றைக்கு அதைக் காதல் என்று நினைத்தேன். அது படிவம்.

மே மாதம் சண்டை முற்றியது. அவளுடைய அண்ணன் சனித் கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். பெட்டிகளை எங்கள் முன்வாசலில் அடுக்கி வைத்து, தினம் காலை ஆறு மணிக்குச் சோதித்துப் பார்ப்பான். ஜன்னல் கண்ணாடி அதிரும். நான் ஒரு நாள் இடுக்கியை எடுத்துப்போய் ஒயரை நறுக்கினேன். பிகுன் என் காப்பி மெஷினைத் தூக்கி மீன் குளத்தில் போட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, பக்கத்து மாகாணத்தில் இருக்கும் நோங்காய் போனேன். ஆற்றங்கரை ஹோட்டலில் நான்கு இரவு. யாரும் கூப்பிடவில்லை. சலித்துப்போய்த் திரும்பி வந்தேன். அதன் பிறகு வீட்டில் பேச்சு பெரும்பாலும் நாய் வழியாகத்தான் நடந்தது. "அந்தாள் செருப்பை வழியிலேர்ந்து எடுக்கச் சொல்லுடா" என்று அவள் நாயிடம் சொல்வாள். நாய் என்னைப் பார்க்கும்.

பழைய விசா வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. செவ்வாய்க்கிழமை காலை எல்லாக் காகிதங்களோடும் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடி போட்ட பெண் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார், கணினியைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க நோங்காய்ல இருக்கீங்க."

"நான் உங்க முன்னாடி இருக்கேன்."

"அது எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மே மாசம் ஹோட்டல்காரங்க உங்களைப் பதிவு பண்ணியிருக்காங்க. அதுக்கப்புறம் வீட்டு ஓனர் நீங்க திரும்பி வந்ததைப் பதிவு பண்ணல."

"நான் வீட்டுக்குத்தானே வந்தேன்."

"வந்திருப்பீங்க. அதை ஓனர் சொல்லணும். ஓனர் கையெழுத்து, அடையாள அட்டை நகல், வீட்டுப் பதிவுப் புத்தகத்தோட நகல். அது வந்தா இன்னிக்கே வாங்கிக்கறேன். ஓனர் யாரு?"

"என் மனைவி."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அப்ப சுலபம்," என்றார்.

எதிரே திப்பின் நகல் கடை. விசாவுக்கு வருகிற பரங்கிகள் எல்லோருக்கும் படிவம் நிரப்பித் தருகிறவள் திப். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் எல்லோருடைய காகிதமும் அவள் மெஷினில்தான் ஓடுகிறது. நான் சொன்னதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆரி மாமா, பொண்டாட்டியோட சண்டை போட்டா ஃபிரண்டு வீட்ல போய்ப் படுக்கணும். ஹோட்டல்ல போயா படுப்பாங்க? ஹோட்டல்காரன் போலீஸுக்குச் சொல்லுவான். ஃபிரண்டு அவன் பொண்டாட்டிகிட்டதான் சொல்லுவான்."

"வேற வழி சொல்லு."

"எங்க தம்பிகிட்ட ரூம் இருக்கு, பஸ் ஸ்டாண்டு பின்னாடி. இன்னிக்கு எடுங்க, அவன் சாயங்காலமே பதிவு பண்ணிடுவான். நாளைக்கு முத்திரை."

"எனக்கு வீடு இருக்கு."

"யார் பேர்ல?"

அவள் இன்னொருவனின் பாஸ்போர்ட்டை மெஷினில் வைத்தாள்.

அந்த அறையைப் போய்ப் பார்க்கவும் செய்தேன். அடுத்தடுத்து எட்டுக் கதவுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஜோடி பெரிய செருப்பு. ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு ஜெர்மன்காரன் ஜட்டியோடு உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் "அடுத்தது நீயா?" என்று கேட்டான். திரும்பி வந்துவிட்டேன்.

ஊருக்குப் போய்விடலாமே என்று கேட்கலாம். ரோட்டர்டாமில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், போனை எடுக்க மாட்டாள். அங்கே அரசு வாடகை வீட்டுக்குப் பெயர் கொடுத்தால் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வெள்ளிக்கிழமை தாண்டி நான் வெளியேறினால் பிகுன் சனிக்கிழமையே என் பொருட்களை முற்றத்தில் போட்டு விற்பாள். அந்த ஓட்டுக்குக் கீழே, அந்தச் சுவர்களுக்குள் நான் இருந்ததற்கு அரசாங்கத்திடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த முகவரி. அதை நானாகப் போய் மாற்ற மாட்டேன்.

வீட்டுக்குப் போனபோது பிகுன் சமையலறையில் பப்பாளிக்காயை உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். நாயைத் தேடினேன். இல்லை. நேராகப் பேச வேண்டியிருந்தது.

"ஒரு கையெழுத்து வேணும்."

"ஹோட்டல்காரன்கிட்ட கேளு."

அப்படியானால் திப் போன் செய்துவிட்டாள்.

"நீ பதிவு பண்ணலன்னா அபராதம் உனக்குத்தான் வரும். சட்டம் வீட்டு ஓனரைத்தான் பிடிக்கும்."

"எவ்வளவு?"

"எண்ணூறோ என்னமோ."

"நீ ஊரைவிட்டுப் போறதுக்கு எண்ணூறு பாட் ரொம்ப மலிவு." இன்னும் இரண்டு மிளகாயைப் போட்டு இடித்தாள். என்னால் சாப்பிட முடியாத காரம், வேண்டுமென்றே.

"இது நான் கட்டின வீடு, பிகுன்."

"கட்டின. யாரு இல்லைன்னு சொன்னா? கொத்தனாரும்தான் கட்டினான். அவன் வந்து கேக்குறானா?"

கையைத் துடைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் போட்டாள். வாடகை ஒப்பந்தம். திப் கடையில் விற்கிற அச்சடித்த படிவம்தான். வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர், வாடகைக்கு இருப்பவர் என்ற இடத்தில் என் பெயர். இடம்: பின் அறை, குளியலறையுடன். எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தாள், நல்ல கையெழுத்தில்.

"எட்டு வருஷமா உன்னோட அந்த ஆபீஸுக்கு வந்து பெஞ்சைத் தேய்ச்சிருக்கேன். எனக்கும் அங்க என்ன கேப்பாங்கன்னு தெரியும். இதுல கையெழுத்துப் போடு, நான் பதிவு பண்றேன். போடலன்னா நோங்காய் போ. ஆறு நல்லா இருக்காமே."

"என் வீட்ல நான் வாடகைக்கா?"

"பொண்டாட்டி தேவையில்லைன்னு சொன்னது யாரு? பொண்டாட்டி இல்லாத பரங்கிக்கு இந்த ஊர்ல யார் சும்மா வீடு குடுப்பா?"

"நான் போட மாட்டேன்."

"போடாத. வியாழக்கிழமை மூணு மணிக்கு நான் சந்தைக்குப் போயிடுவேன். வெள்ளிக்கிழமை கோயில். அப்புறம் உன் இஷ்டம்."

புதன்கிழமை முழுவதும் நான் மாடி அறையை விட்டு வெளியே வரவில்லை. ஏதாவது வழி இருக்கும் என்று இணையத்தில் தேடினேன். என்னைப் போன்ற நூற்றுக்கணக்கான ஆண்கள் அங்கே என்னைப் போலவே கேள்வி கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: ஓனரோடு சமாதானமாகப் போ. ஒருவன் மட்டும் எழுதியிருந்தான், "வீட்டுக்குத் தீ வை" என்று. பதினேழு பேர் அதை விரும்பியிருந்தார்கள்.

வியாழக்கிழமை இரண்டரை மணிக்குக் கீழே இறங்கினேன். அவள் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மூணு மாசம்னு போட்டிருக்க. விசா ஒரு வருஷம்."

"ஆறு மாசம்."

"ஒரு வருஷம். இல்லன்னா எதுக்கு இது?"

"ஒரு வருஷம் போடுறேன். சனித்தோட சாமான்ல கை வைக்கக் கூடாது. எழுதுவேன்."

"காலைல எட்டு மணிக்கு முன்னாடி அவன் அதைப் போடக் கூடாது. அதையும் எழுது."

"ஏழு."

"ஏழரை."

எழுதினாள். யோசித்துப் பார்த்தால், மூன்று மாதத்தில் நாங்கள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த வெறுப்பு துளியும் குறையவில்லை, ஆனால் வேலை நடந்தது. பிறகு தன் அடையாள அட்டை நகலை எடுத்து, குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் "விசா பதிவுக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"வேற எதுக்கு நான் இதை வச்சுக்கப் போறேன்?"

"உனக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? கோடு போட்டா நல்லது."

நான் கையெழுத்துப் போட்டேன். பேனா ஒழுங்காக எழுதவில்லை. இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் கோயிலுக்குப் போகவில்லை. தாமதமாகப் பதிவு செய்வதால் ஓனரே வந்தால் நல்லது என்று திப் சொல்லியிருந்தாள். பிகுன் ஸ்கூட்டரில் வந்தாள், நான் ஷேர் வண்டியில் போனேன். வரிசையில் எங்கள் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஒரு சுவீடன்காரக் கிழவி அதில் உட்கார வந்தபோது பிகுன் பையை எடுத்து இடம் கொடுத்தாள்.

அதே அதிகாரி. பதிவை ஏற்றினார், அபராதத்துக்கு ரசீது போட்டார். பிகுன் ரசீதை என் பக்கம் தள்ளினாள். நான் கட்டினேன். பிறகு அதிகாரி வாடகை ஒப்பந்தத்தை எடுத்து நிதானமாகப் படித்தார், ஒலிபெருக்கிக்கு ஏழரை மணி என்ற வரி வரைக்கும்.

"போன வருஷம் இவங்க உங்க மனைவின்னு வந்தீங்க."

"இப்பவும் மனைவிதான்."

"வாடகைக்கு இருக்கீங்களா?"

பிகுன் முன்னால் சாய்ந்தாள். "சட்டத்துல தப்பா, மேடம்?"

"தப்பு இல்ல அக்கா. புதுசா இருக்கு, அவ்வளவுதான்." வங்கிக் கடிதத்தில் தேதியைச் சரிபார்த்தார், என்னை கேமராவைப் பார்க்கச் சொன்னார், முத்திரையை எடுத்து அழுத்தினார். ஒரு வருடம். "மூணு மாசத்துக்கு ஒருதரம் முகவரியைத் தெரிவிக்கணும். மாறினா சொல்லணும், ஐயா."

"மாறாது," என்றேன்.

"பார்க்கலாம்," என்றாள் பிகுன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது என் துணி, புத்தகம், மின்விசிறி எல்லாம் பின் அறையில் இருந்தன. ஒழுங்காகவே அடுக்கியிருந்தாள். முன்வாசல் வழியாக நுழைந்து கூடத்தைக் கடந்து போனேன். அவள் வழியில் நின்றாள்.

"இந்த வழி உன்னுது இல்ல. பத்திரத்துல பின் அறைன்னுதான் இருக்கு."

"பின் அறைக்கு வேற வழி ஏது? பின்னாடி மதில்தானே."

"நாளைக்கு வழி வந்துடும்."

சனிக்கிழமை ஏழரை மணிக்கு சனித் வந்தான், நேரம் தவறாமல். கையில் பெரிய சம்மட்டி. பின்மதிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூலைத் தூணுக்குப் பக்கத்தில் அடிக்க ஆரம்பித்தான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அந்த மதிலை நான் எழுப்பிய வருடம் இந்தப் பக்கம் வெள்ளம் வந்தது. தூணுக்குள் இரண்டு மடங்கு கம்பி போட்டிருந்தேன். அவன் பத்து அடி அடித்தான், காரைதான் உதிர்ந்தது. பதினோராவது அடியில் தூண் மேலே விரிசல் ஓடியது. அது போனால் குளியலறைக் கூரையும் கூடப் போகும்.

வெளியே போனேன்.

"அங்க இல்லடா மச்சான். கூரை உன் தலையில விழும்."

"அப்ப எங்க?"

"நடுவுல. அங்கதான் கம்பி இல்ல."

அவன் நடுவிலும் தப்பாகத்தான் அடித்தான், செங்கல்லின் முகத்தில், இணைப்பில் அல்ல. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கையை நீட்டினேன். கொடுத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான்.

மேல் வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். நான் பூசியது, கெட்டியாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அந்தப் பக்கம் வயலும், தெருவுக்குப் போகும் வரப்பும் தெரிந்தன. பிகுன் சமையலறை ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் அகலமா இடி. உன் உடம்புக்குப் பத்தாது."

"போதும்."

"அப்புறம் மாட்டிக்கிட்டு என்னைக் கூப்பிடக் கூடாது."

நான் சம்மட்டியை மறுபடி தூக்கி, இன்னும் இரண்டு வரிசை இடித்தேன்.