சும்மா நிற்கும் படிப்பு

நசீமா என்கிற நசீமுன்னிசா சிஸ்டருக்குக் கைராசிக்காரி என்று வேலூர் முழுக்கப் பேர். வற்றிப்போன உடம்பில் டாக்டர்கள் நரம்பு தேடித் தேடி அலுத்த பிறகு அவள் வந்து தொட்டால், ஊசி ஒரே குத்தில் ஏறும். லாங் பஜார் வியாபாரிகள்கூடக் காய்ச்சலில் படுத்தால் அந்த சிஸ்டர் கையால்தான் ஊசி வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள்.

அப்படிப்பட்டவளைத்தான் ஆஸ்பத்திரி டில்லிக்கு அனுப்பியது. பட்டம் பெற்ற நர்சுகளுக்கு அங்கே மேல்படிப்பு ஒன்று புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். முடித்து வந்தால் வார்டுகளை நடத்தும் பொறுப்பு கிடைக்கும். கல்யாணமாகாத பெண் தனியாக டில்லிக்கா என்று அவள் ஊரான மேல்விஷாரத்தில் வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. அக்காவை ஆபா என்று கூப்பிடும் அவள் தம்பி அப்துல் ஹமீத், தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. அவன் நேரே ஜமாத்துப் பெரியவர்களிடம் போய், எங்கள் ஆபாவுக்கு நான் ஜவாப்தாரி என்று சொல்லிவிட்டு, காட்பாடியில் அவளை ரயிலேற்றிவிட்டான். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் அவனுக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருந்தாள்.

டில்லியில் அவளை ஒரு வார்டின் நடுவே நிறுத்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். யாரையும் தொடக் கூடாது. எல்லாப் படுக்கையையும் பார்க்க வேண்டும், எந்த நர்ஸ் எங்கே போக வேண்டும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இது ஒரு படிப்பா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. முதல் நாள் பாதியிலேயே பொறுக்காமல் ஓடிப்போய் ஒரு கிழவருக்கு ஊசி போட்டாள். அவள் குனிந்திருந்த அந்த நேரத்தில், முதுகுக்குப் பின்னால் இன்னொரு நோயாளி வாந்தி புரையேறித் திணறினார். வேறொருத்தி பார்த்ததால் பிழைத்தார். தெரிந்த வேலையைச் செய்யாமல் இருப்பதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

ஊருக்குத் திரும்பியதும் ஹமீத் கேட்டான். "ரெண்டு வருஷம் படிச்சியே ஆபா, இன்னா கத்துக்கினே?"

"சும்மா நிக்கக் கத்துக்கினேன்டா."

"அதுக்கா டில்லி? எங்க மொதலாளி படிக்காமலே நிக்கறாரு."

வீடே சிரித்தது. ஹமீதின் மனைவி அஃப்ஸர் ஜஹான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வார்டில் யாரும் சிரிக்கவில்லை. டில்லி போய்வந்ததும் மகாராணி ஆகிவிட்டாள், கையில் அழுக்குப் படாமல் அதிகாரம் பண்ணுகிறாள் என்று நர்சுகள் முணுமுணுத்தார்கள். அவள் கேட்டும் கேட்காதது போல இருந்தாள். வலிக்கத்தான் செய்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த நேரம். மயங்கிக் கிடந்த நான்கு பேரோடு தோல் ஷாப் லாரி ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. கழிவுக் குழியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி கன்னியப்பன் உள்ளேயே சுருண்டு விழுந்திருக்கிறான். தோல் ஷாப்பில் இப்படி நடந்தால் மேலே நிற்பவன் கயிறு தேடமாட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிப்பான். குதிக்காதவனை மனுஷன் என்று ஊர் மதிக்காது. அவனைத் தூக்க இன்னொருவன் குதிப்பான். குழியில் கிடக்கும் விஷக்காற்று நல்ல மனசு, கெட்ட மனசு பார்ப்பதில்லை. கன்னியப்பனைத் தூக்க இரண்டு பேர் இறங்கி விழுந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், நாலாவதாக இறங்கியவன் மேஸ்திரி ஹமீத்.

ஸ்ட்ரெச்சரில் தம்பியின் நீலம் பாய்ந்த முகத்தை நசீமா பார்த்தாள். ஆனாலும் வார்டின் நடுவில் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பெரிய டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். இருந்தவர் இளம் டாக்டர் தேவசகாயம் ஒருவர்தான். நான்கு பேருக்கும் நர்சுகளைப் பிரித்து நிறுத்தினாள். நால்வரில் கடைசியாக வெளியே எடுக்கப்பட்ட ஹமீதின் நிலைமைதான் மோசம். அதனால் டாக்டரை அவனிடம் அனுப்பினாள், ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டரையும் அங்கேயே வைத்தாள், கூட நர்ஸ் சந்திராவை நிறுத்தினாள். அவனுக்கு அவள் கையைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது.

தேவசகாயம் தலை நிமிராமலே கூப்பிட்டார். "சிஸ்டர், நரம்பு கெடைக்கல. நீங்க வந்து போடுங்க."

அவள் கைகள் தாமாகவே முன்னால் வந்துவிட்டன. இரண்டடியும் எடுத்து வைத்துவிட்டாள். அப்போது கண் கடைசிக் கட்டிலுக்குப் போனது. அங்கிருந்த நர்ஸ் திரும்பி நின்று சிலிண்டரை மாற்றிக்கொண்டிருந்தாள். கன்னியப்பன் வாயில் நுரை தள்ளியிருந்தது, நெஞ்சு எழும்பவில்லை.

"சந்திரா, நீயே போடு," என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மறுபக்கம் திரும்பி, கன்னியப்பனை ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னாள், நுரையை உறிஞ்சி எடுக்கச் சொன்னாள், இன்னொருத்தியை அங்கே ஓடச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவன் நெஞ்சு ஏறி இறங்கியது.

சந்திராவுக்கு மூன்றாவது குத்தில்தான் நரம்பு கிடைத்தது. மருந்து ஏறியது. ஆனாலும் பொழுது சாய்வதற்குள் ஹமீத் போய்விட்டான். மற்ற மூவரும் பிழைத்தார்கள். நுரையீரலில் முன்பே நீர் நிரம்பிவிட்டது, நரம்பு முதலிலேயே கிடைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தேவசகாயம் சொன்னார். அது உண்மை என்று அவள் புத்திக்குத் தெரியும். மனசு கேட்க வேண்டுமே.

மூன்று பேரும் அபாயம் தாண்டும்வரை அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அதற்குள் ஜமாத்து ஆட்கள் வந்து தம்பியின் மய்யித்தை எடுத்துப் போய்விட்டார்கள். குளிப்பாட்டுவது ஆண்களின் வேலை. ஊரார் உடம்பையெல்லாம் தொட்டுத் துடைத்த கை, கூடப்பிறந்தவனை உயிரோடும் தொடவில்லை, உயிர் போன பிறகும் தொடவில்லை.

துக்க வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். கைராசியெல்லாம் ஊருக்குத்தான், சொந்தத் தம்பிக்கு இல்லை என்று மூலையில் உட்கார்ந்திருந்த உறவுக்காரி சுகரா பேகம் காதில் விழும்படியே சொன்னாள். நசீமா தலைகுனிந்து அஃப்ஸர் ஜஹான் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அழுது அழுது அஃப்ஸரின் குரல் கம்மிப்போயிருந்தது. "டாக்டர் கூப்ட்டாராமே ஆபா. நீங்க போவலியா?"

"போவல."

"ஏன்?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "கன்னியப்பனுக்கு அந்நேரம் மூச்சு நின்னுபோச்சும்மா. நான் ஹமீத் கிட்ட குனிஞ்சிருந்தா, அத யாரும் பாத்திருக்க மாட்டாங்க."

இப்போது அஃப்ஸர் தன்னை வெளியே போகச் சொல்வாள் என்று நசீமா நினைத்தாள். சொன்னால் போய்விடுவது என்று எழுந்திருக்கவும் தயாராக இருந்தாள்.

அஃப்ஸர் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அவன மேல ஏத்தத்தானே இவரு எறங்கினாரு. அவனும் போயிருந்தா, இவரு எதுக்கு எறங்கினாரு ஆபா?"

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதிருந்த நசீமா வாய்விட்டு அழுதாள். அஃப்ஸர் ஜஹான் அவள் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.